வாடகை தர்மமா? மராமத்து பிச்சையா?

வாடகைக்கு அறை பிடித்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்காரரிடம் போய், கூரை ஒழுகுகிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஈரச் சுவரைத் தொட்டால் மின்சாரம் அடிக்கிறது என்று சொன்னால், அவர் சொல்லும் பதில் நம் நாட்டில் எந்த ஊரிலும் அநேகமாக ஒன்றாகவே இருக்கிறது. "இஷ்டமிருந்தால் இரு, இல்லாவிட்டால் காலி செய்துகொண்டு போ" என்பதுதான் அது. இதைக் கேட்ட பிள்ளைகளும், கோயில் வாசலில் பிச்சைக்கு நின்று விரட்டப்பட்டவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்து, ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு, ஒழுகாத மூலைக்குப் பாயை இழுத்துப் போட்டுக்கொள்ளுகிறார்கள். மாதம் பிறந்ததும் வாடகை மட்டும் ஒரு காசு குறையாமல் வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதில் வீட்டுக்காரரைப் பற்றி நமக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. கேட்பாரில்லாத இடத்தில் எவனும் அப்படித்தான் நடப்பான். நமக்கு ஆச்சரியமாயிருப்பது பிள்ளைகளைப் பற்றித்தான். பாலம் எத்தனை பாரம் தாங்கும், கம்பியில் எத்தனை மின்சாரம் ஓடும் என்றெல்லாம் கணக்குப் போட்டுப் பரீட்சை எழுதுகிறவர்கள், "நாம் கொடுப்பது முழுப் பணம், நமக்குக் கிடைப்பது அரை அறை, மீதி அரை எங்கே போயிற்று?" என்கின்ற சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. காரணம் அறிவு இல்லாதது அல்ல. வீடு கொடுப்பவன் தர்மம் செய்கிறான், குடியிருப்பவன் அவன் தயவில் இருக்கிறான் என்கின்ற எண்ணம் தலைமுறை தலைமுறையாக நம் மக்களின் இரத்தத்தில் ஊறிப் போயிருக்கிறது. வாடகை வாங்குகிறவனைப் பார்த்து வாடகை கொடுக்கிறவன் கும்பிடு போடும் வழக்கம் வேறு எந்த வியாபாரத்திலாவது உண்டா? அரிசிக் கடைக்காரன் கல்லும் உமியுமாக அளந்து கொடுத்தால் அவனைக் கும்பிட்டுவிட்டு வருவோமா?

ஆரணியை எடுத்துக்கொள்ளுவோம். பட்டுக்குப் பேர்போன ஊர். ஊரை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக் கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. செய்யாறு, போளூர், வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும், அதற்கு அப்பாலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். பஸ்ஸில் தினம் போய்வர முடியாதவர்களும், விடுதியில் இடம் கிடையாதவர்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து ஊருக்குள் ஒரு மாடி அறையையோ, பழைய ஓட்டு வீட்டின் முன்கட்டையோ பிடித்துக்கொள்ளுகிறார்கள். கீழே தறிச் சத்தம், மேலே படிப்பு என்றிருக்கும் வீடுகளும் உண்டு.

இந்த ஊரில் சேலையில் குறை இருந்தால் என்ன நடக்கும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெய்கிறவன் தறியை நிறுத்தி அப்போதே முடிச்சுப் போடவேண்டும். கவனியாமல் விட்டு நெய்துகொண்டே போனால், அந்தக் கீறல் போகப் போகச் சேலையோடு கூடவே ஓடும். அந்தச் சேலையைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தால் அவர் அதை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, குறையுள்ள இடத்தில் விரலை வைத்துக் காட்டி, "கூலியில் இவ்வளவு கழிவு" என்று சொல்லுவார். நெசவாளி அவரைப் பார்த்து, "இஷ்டமிருந்தால் முழுக் கூலியையும் கொடும்; இல்லாவிட்டால் போம்" என்று சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் அவனுக்குப் பாவு கிடைக்குமா?

அந்தக் கழிவுகளில் எத்தனை நியாயமானவை, எத்தனை ஏழை வயிற்றில் அடிப்பவை என்பது தனியாகப் பேச வேண்டிய சங்கதி. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுவோம். நாம் இங்கு சொல்லுவதெல்லாம், குறையுள்ள சரக்குக்கு முழு விலை இல்லை என்கின்ற நியாயம் ஆரணிக்குப் புதிதல்ல என்பதுதான். ஊரே அந்த நியாயத்தில்தான் நடக்கிறது. ஆனால் அந்த நியாயம் மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் கழிப்பதற்கு மட்டும் நன்றாகச் செல்லுகிறது. ஜரிகை ஓரத்தில் ஒரு விரல் அளவுக் குறைக்குக் கூலியில் கழிக்கிறவரே ஒரு வீட்டுக்கும் சொந்தக்காரராய் இருந்து, அந்த வீட்டுக் கூரையில் ஒரு முழத்துக்கு ஓட்டை இருந்தால், வாடகையில் ஒரு ரூபாயாவது கழித்துக்கொள்ளச் சம்மதிப்பாரா? சேலைக்கு ஒரு நியாயம், கூரைக்கு ஒரு நியாயமா?

"சட்டம் இடம் கொடுக்குமா?" என்று சிலர் கேட்கலாம். இடம் கொடுத்து வெகுகாலம் ஆகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் 1882 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சொத்து மாற்றுச் சட்டத்தின் 108 ஆவது பிரிவைப் பாருங்கள். வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட மராமத்தை, நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யவில்லையானால், குடியிருப்பவன் தானே அதைச் செய்து, செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. வட்டியுடன் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். நம் பாட்டன் காலத்துக்கும் முந்திய இந்தச் சட்டம் இன்றும் அமுலில்தான் இருக்கிறது. நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் இதைப்பற்றி நமக்கு ஒருவரும் சொல்லவில்லை. பாவ புண்ணியக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். வாடகைக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க ஒருவன் இல்லை.

ஆனால் இதில் ஒரு முடிச்சும் இருக்கிறது. "கடமைப்பட்ட மராமத்து" என்று சொன்னார்களே தவிர, எது எது அவர் கடமை என்று அந்தச் சட்டத்தில் விவரமாகச் சொல்லவில்லை. கைக்கடிதம் ஒன்றும் இல்லாத இடத்தில், "நான் எப்போது ஒப்புக்கொண்டேன்?" என்று கேட்டு வீட்டுக்காரர் தப்பித்துக்கொள்ளுவார். இந்த முடிச்சை அவிழ்த்தது, நம் தமிழ்நாட்டுச் சட்டசபை செய்து 2019 பிப்ரவரி 22 முதல் அமுலுக்கு வந்திருக்கும் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது இன்னது, குடியிருப்பவர் செய்ய வேண்டியது இன்னது என்று அதில் ஒரு அட்டவணையே போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் சுவர், கூரை முதலிய உறுப்புகளின் பழுது, குடியிருப்பவர் கெடுத்ததாய் இல்லாத வரையில், வீட்டுக்காரரைச் சேர்ந்தது. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும், தண்ணீர்க் குழாய் மாற்றுவதும், மின்சாரக் கம்பி இழுப்பதும் அவரைச் சேர்ந்தவை. குழாயின் வாஷர், ஸ்விட்ச், சாக்கடை அடைப்பு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி முதலியவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. எழுதிக் கேட்டும் வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்யாவிட்டால் குடியிருப்பவர் செய்து முடித்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக்கூடாது. மாதம் 4,000 ரூபாய் வாடகை, கூரை மராமத்துக்கு 6,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால், மாதம் 2,000 வீதம் மூன்று மாதத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். நாலு பேர் தங்கும் அறையில் இது ஆளுக்கு எத்தனை என்பதைப் பிள்ளைகளே போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

வெள்ளையடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்களில் அறையைக் காலி செய்யும்போது, "வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை" என்று சொல்லி அட்வான்சில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருக்கிறது. இது எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? சட்டமோ வெள்ளையடிப்பதை வீட்டுக்காரர் தலையில் வைத்திருக்கிறது. சுவரில் ஆணி அடித்து, படம் வரைந்து பாழாக்கினவன் அதற்குப் பணம் கொடுக்கட்டும், அது நியாயம். சும்மா இருந்துவிட்டுப் போகிறவனிடம், அடிக்காத வெள்ளைக்கும் சேர்த்து வருஷா வருஷம் வசூல் செய்வது என்ன வியாபாரம்? ஒரே அறையில் மூன்று வருஷத்தில் மூன்று கூட்டம் பிள்ளைகள் வந்து போனார்கள், மூன்று மாத வாடகையும் பிடிக்கப்பட்டது, சுவரில் நாலாவது கூட்டம் வந்தபோதும் முதல் கூட்டத்தின் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

பணம் இல்லாததால் வீட்டுக்காரர்கள் மராமத்துச் செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. யாரோ ஒரு வாஸ்து நிபுணன் வந்து, ஈசானிய மூலையில் கக்கூஸ் இருப்பதால்தான் குடும்பத்துக்குக் கஷ்டம் என்று சொல்லிவிட்டால், நன்றாயிருக்கிற கக்கூஸை இடித்துவிட்டு வேறு மூலையில் கட்டப் பணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. நல்ல வாசற்படியைப் பெயர்த்து இரண்டு அடி தள்ளி வைக்கப் பணம் வருகிறது. திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டப் பணம் வருகிறது. மின்சாரப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறவருக்கு, அந்தப் பெட்டியிலிருந்து பூமிக்கு ஒரு கம்பி இறக்க மட்டும் மனம் வருவதில்லை. மின்சாரம் குங்குமத்துக்குப் பயப்படுமா? ஈரச் சுவருக்குப் பின்னால் தோல் உரிந்த கம்பி இருந்தால் அது ஆஸ்திகன், நாஸ்திகன், வீட்டுக்காரன், குடியிருப்பவன் என்று பார்ப்பதில்லை.

நிற்க, இத்தனை சட்டம் இருந்தும் பிள்ளைகள் ஏன் வாயைத் திறப்பதில்லை? தெரியாமை ஒரு காரணம். ஆனால் அது பெரிய காரணமல்ல என்பதே நமது அபிப்பிராயம். பெரிய காரணம் அறை பிடிக்கும்போதே ஏற்பட்டு விடுகிறது. ஒரு பிள்ளை அறை தேடி ஒரு தெருவுக்குள் போகிறான். "தம்பிக்கு எந்த ஊர்? அப்பா என்ன செய்கிறார்? ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். இந்த மூன்றாவது கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்லுகிறவனுக்கும் தெரியும். அதிலும் தேறிவிட்டால், "மாமிசம் சமைப்பீர்களா?" என்று நாலாவது கேள்வி வருகிறது. பதில் சரியாக இல்லையென்றால், "இப்போதுதான் ஒருவருக்குச் சொல்லிவிட்டோம்" என்று கதவு சாத்தப்படுகிறது. முஸ்லிம் பிள்ளையானால் பெயரைச் சொன்ன உடனேயே சாத்தப்படுகிறது. இப்படி நாலு தெருவில் கதவு சாத்தப்பட்டவன், ஐந்தாவது தெருவில், நாலு தெரு ஆளும் வேண்டாம் என்று ஒதுக்கின ஒரு ஒழுகல் அறையை, நாலு தெரு வாடகையைவிட அதிக வாடகைக்குப் பிடிக்கிறான். அவனிடம் போய், "ஓடு மாற்றச் சொல்லிக் கேள், மாற்றாவிட்டால் கழித்துக்கொள்" என்று சட்டப் புத்தகத்தை நீட்டினால் அவன் என்ன சொல்லுவான்? "கேட்டால் காலி செய்யச் சொல்லுவார். அப்புறம் நான் எங்கே போவேன்?" என்றுதான் சொல்லுவான். நாலு கதவு மூடியிருப்பதுதான் ஐந்தாவது வீட்டுக்காரருக்குப் பலம். ஆகவே, கூரையில் ஓட்டை விழுந்தது மழையினால் என்றாலும், அது அடைபடாமல் இருப்பது ஜாதியினால்தான் என்று நாம் சொல்லுவோம்.

இது இன்றைக்கு நேற்றைய சங்கதி அல்ல. சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்குத் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்காமல் இருந்ததைப் பார்த்துத்தான், டாக்டர் சி. நடேச முதலியார் 1916 ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்று ஒரு விடுதியை ஏற்படுத்தினார். பணம் கொடுக்கத் தயாராக இருந்தவனுக்கும் இடம் இல்லை என்றிருந்த காலம் அது. அவர் அந்த வேலையைச் செய்யாமல், வீட்டுக்காரர்களின் மனம் இளகட்டும் என்று உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்! நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது வாசலில் பலகை தொங்கவில்லை; கேள்வி மட்டும் நின்றபாடில்லை.

பெண் பிள்ளைகளின் கஷ்டம் இதைவிடப் பெரிது. ஒரு ஆண் பிள்ளை, குளிக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு சமாளித்துவிடுவான். பெண்களுக்குத் தாழ்ப்பாள் இல்லாத கதவு என்பது தினம் தினம் பயம். அந்தப் பயத்தை அவள் யாரிடம் சொல்லுவாள்? வீட்டுக்காரரிடம் சொன்னால், பழுது பார்க்க வருகிறேன் என்று அவர் நினைத்த நேரத்தில் உள்ளே வந்து நிற்பார். வீட்டுக்குள் வர 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்து மூலம் சொல்லவேண்டும் என்று அதே 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தகப்பனாரிடம் சொன்னால், "அப்படிப்பட்ட இடத்தில் தங்கி என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது? படித்தது போதும், வீட்டுக்கு வா" என்பார். பத்து ரூபாய் முதல் நூறு ரூபாய் வரை விலையுள்ள ஒரு தாழ்ப்பாளுக்காக ஒரு பெண்ணின் படிப்பு நின்று, அடுத்த தை மாதத்தில் கல்யாணம் நடந்துவிடும். இதனாலேயே அந்தப் பெண்கள் எந்தக் கஷ்டத்தையும் வெளியில் சொல்லாமல் விழுங்கிக்கொள்ளுகிறார்கள். நமது பெண்கள் பொறுமைசாலிகள் என்று பெருமை பேசுகிறவர்கள், அந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

தனியார் நடத்தும் பெண்கள் விடுதிகளுக்கென்று 2014 இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் செய்து, கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்கித்தான் நடத்தவேண்டும் என்று வைத்தார்கள். லாட்ஜ் போன்ற தங்கும் விடுதிகளுக்கு மேலே சொன்ன வாடகைச் சட்டம் செல்லாது. ஆனால் ஏட்டிலே இருக்கும் லைசென்ஸ் கட்டடத்தைத் தாங்குமா? 2024 செப்டம்பர் 12 ஆம் தேதி விடியற்காலையில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் குளிர்பதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்து, இரண்டு பெண்கள் அன்றே உயிரிழந்தார்கள். அது இடிக்கப்பட வேண்டிய பழைய கட்டடம் என்று மாநகராட்சி முன்னமே நோட்டீஸ் கொடுத்திருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. நோட்டீஸும் இருந்தது, கட்டடமும் இருந்தது, உள்ளே வாடகை கொடுத்துக்கொண்டு பெண்களும் இருந்தார்கள்! விதி என்று சொல்லி அழுது முடித்துவிட்டால், அந்த நோட்டீஸ் எங்கே தூங்கியது என்கின்ற கேள்வியும் அந்த விதியோடு போய்விடும்.

சீமையில் நடந்த ஒரு சம்பவத்தையும் நம் வாசகர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், சூடானிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் வாடகை வீட்டில் இருந்தது. சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தகப்பனார் பலமுறை முறையிட்டும், மேலே வர்ணம் பூசிக்கொள்ளும்படி சொன்னார்களே தவிர ஈரத்தை நிறுத்தவில்லை. அந்தக் குடும்பத்தின் பழக்க வழக்கத்தால்தான் ஈரம் வருகிறது என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்னும் அந்த வீட்டுக் குழந்தை, இரண்டு வயதில், மூச்சுக் கோளாறினால் இறந்தது. பூஞ்சணக் காற்றைச் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அதன்மேல் 2023 இல் சட்டம் செய்து, 2025 அக்டோபர் முதல், ஸ்தாபனங்கள் வாடகைக்கு விடும் வீடுகளில் உயிருக்கு ஆபத்தான பழுதுகளை 24 மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும் என்று அமுலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்கு அந்தக் குழந்தையின் பெயரையே சொல்லி வழங்குகிறார்கள். நம் ஊர் வீட்டுக்காரர்கள், "உங்கள் ஆட்கள் வந்தால் இப்படித்தான், சுத்தமாய் இருக்கத் தெரியாது" என்று சொல்லுவதற்கும் ராச்டேல் ஸ்தாபனம் நினைத்ததற்கும் வித்தியாசம் உண்டா? சுவருக்குள் தண்ணீர் போவது தளத்தில் வெடிப்பு இருப்பதால். குடியிருப்பவன் எங்கே பிறந்தான் என்பதால் அல்ல.

சர்க்கார் மட்டும் யோக்கியமாக நடக்கிறதா என்று கேட்டால் அதுவும் இல்லை. பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிட மாணவர்களுக்கான சர்க்கார் விடுதிகளில் வாடகைக் கட்டடங்களில் நடப்பவையும் உண்டு. அங்கே கூரை ஒழுகினால் காப்பாளர், "கட்டடம் நம்முடையதல்ல" என்பார். கட்டடக்காரர், "சர்க்கார் கொடுக்கும் வாடகைக்கு இவ்வளவுதான்" என்பார். பொதுப்பணித் துறையோ, தனியார் கட்டடத்தில் கை வைக்க முடியாது என்றுவிடும். மூன்று பேரும் சொல்லுவது அவரவர் அளவில் சரியாகவே இருக்கும். நடுவில் பிள்ளை நனைந்துகொண்டிருப்பான். 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்து, ஜாதிப் பெயர்களை எடுத்தார்கள். நல்ல காரியம், நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பலகை மாற்றினவர்கள் ஓட்டையும் மாற்றிக் கொடுக்கட்டும். சர்க்காரே கட்டடக்காரரிடம் வாடகையில் கழித்துக் காட்டினால், ஊரிலுள்ள மற்ற வீட்டுக்காரர்களுக்கும் அது ஒரு பாடமாயிருக்கும்.

வீட்டுக்காரர்களிலும் ஏழைகள் இருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. தறி ஓடாமல் போன ஒரு நெசவாளி, மேல் அறையை வாடகைக்கு விட்டுத்தான் கஞ்சி குடிக்கிறார் என்றிருக்கும் வீடுகளும் ஆரணியில் உண்டு. மழைக் காலத்தில் அவருடைய குழித்தறியிலேயே தண்ணீர் ஊறி, பாவு ஈரம் பட்டு வேலை நின்றுபோகும்போது, அவர் மாடிக் கூரைக்கு எங்கே போவார்? அப்படிப்பட்ட இடத்தில்தான் கழிவு முறை இரண்டு பேருக்கும் நல்லது. அவர் கையிலிருந்து ஒரே தடவையில் 6,000 ரூபாய் எடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் முன்னதாகப் போட்டுச் செய்து, மாதா மாதம் கழித்துக்கொண்டால் கூரையும் நிற்கும், அவருக்கும் பாதி வாடகை வந்துகொண்டிருக்கும். இதைச் சண்டையாக நினைக்க வேண்டியதே இல்லை.

பிள்ளைகளுக்கும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். குழாயை உடைத்துவிட்டு வீட்டுக்காரரைத் திட்டுவதும், சோற்றைக் கொட்டிச் சாக்கடையை அடைத்துவிட்டு நாற்றம் அடிக்கிறது என்பதும், விடிய விடியக் கூச்சல் போட்டுக் கீழ் வீட்டுக் குழந்தையைத் தூங்கவிடாமல் செய்வதும் சுயமரியாதை ஆகாது. அட்டவணையில் உங்கள் பங்குக்கு இருப்பதைச் செய்யுங்கள். அப்போதுதான் அவர் பங்கைக் கேட்க வாய் இருக்கும்.

இனி, கேட்கும் முறை. வாயால் கேட்டது வாயோடு போகும், எழுதித்தான் கேட்கவேண்டும். குடிபுகும்போதே ஒப்பந்தம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். துணைக் கலெக்டர் தரத்துக்குக் குறையாத ஒருவரைத்தான் அந்த வேலைக்கு நியமிக்கிறார்கள். குடிபுகுந்த அன்றே சுவர், கூரை, கதவு, கம்பி எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால், "நீதான் கெடுத்தாய்" என்று சொன்னால் அந்தப் படம் பேசும். மராமத்துக் கடிதத்தில் ஒருவன் மட்டும் கையெழுத்துப் போடாமல், அறையில் இருக்கும் எல்லோரும் போடவேண்டும். அதே வீட்டுக்காரருக்கு நாலு அறை இருந்தால் நாலு அறைக்காரர்களும் போடவேண்டும். ஒருவனைக் காலி செய்யச் சொல்லுவது சுலபம்; பதினாறு பேரைக் காலி செய்யச் சொன்னால் அந்த மாதம் வாடகை எங்கிருந்து வரும் என்று அவரே யோசிப்பார். கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் அதே வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்; நிறுத்தக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

இதில் உள்ளூர்த் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆரணியில் சொந்த வீடு உள்ள நம் தோழர்கள், ஊரில் எந்தத் தெரு என்று கேட்காமல் அறை கொடுக்கவேண்டும். வேறு இடத்தில் கடிதம் கொடுத்ததற்காகக் காலி செய்யப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு மாதமாவது இடம் கொடுக்கவேண்டும். இப்படிப் பத்து வீடு ஊரில் இருக்கிறது என்று தெரிந்தாலே, அந்த ஐந்தாவது தெரு வீட்டுக்காரரின் குரல் இறங்கிவிடும். கையெழுத்துப் போடும் பிள்ளைகளின் கையும் நடுங்காது.

காலத்தையும் பார்க்கவேண்டும். நமக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். அதே சமயத்தில்தான் பரீட்சையும் வருகிறது. மழை கொட்டும்போது தளத்தில் சுண்ணாம்போ சிமெண்டோ பிடிக்காது, கொத்தனாரும் வரமாட்டார். ஆகையால் ஆவணியிலேயே கடிதம் கொடுத்துவிட வேண்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் வீட்டுக்காரரிடம் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதையும், கொத்தனார் எழுதிக் கொடுக்கும் செலவுக் கணக்கையும், வாடகை கொடுத்த ரசீதுகளையும் ஒன்றாகக் கட்டி, ஒழுகாத மூலையில் உள்ள பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.